கார் நிறுத்த இடம் போதாது

ஓர் ஆண் தனியாக இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள அவன் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கைக்குட்டையைச் சலவைக்குப் போடுகிறானா என்று பார்த்தால் போதும். கோட்டும் சட்டையும் யாரும் போடுவார்கள். கைக்குட்டையைப் போடுகிறவனுக்கு அதைத் துவைத்துக் கொடுக்க வீட்டில் ஆளில்லை. தானே துவைத்துக் காயப்போட்டால் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிடுவாளே என்ற வெட்கம் வேறு. அந்தப் பக்கத்து வீட்டுக்காரி நான்தான். சலவைக்கடைக்காரியும் நான்தான். பாவம், அன்சாய் சானுக்குத் தப்பிக்க வழியே இருக்கவில்லை.

‘சான்’ என்பது ஜப்பானில் நாங்கள் யார் பெயரோடும் சேர்க்கிற மரியாதை. அவர் எங்கள் சுகிகாதா ஊருக்கு வந்தது ஓர் இலையுதிர் காலத்தில். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுகிறவர். மனைவி கினுயோ சான் தலைநகரத்தில், மகனின் படிப்பையும் மாமியாரின் முட்டிவலியையும் பார்த்துக்கொண்டு இருந்தாள். இவர் மட்டும் மூன்று கோட்டு, ஓர் அரிசி வேகவைக்கும் மின்பானையோடு என் கடைக்குப் பக்கத்து மாடியறையில் குடியேறினார். அந்தப் பானை கொதிக்கும் சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்கும். ஒரு மாதத்துக்குப் பிறகு அதுவும் கேட்கவில்லை. கடையில் வாங்கிய சாப்பாட்டுப் பெட்டியைப் பிரிக்கும் சத்தம்தான்.

அவர் வங்கி ஆள். எங்கள் ஊரில் வங்கி என்றால் ஒன்றுதான், ரயிலடிக்கு எதிரே கல் படிக்கட்டு வைத்த கட்டடம். ஊரின் பெரிய முதலாளி தமாகி சான், கரண்டியும் முள்கரண்டியும் செய்து கப்பலேற்றுகிறவர், முப்பது வருடமாக அந்த வங்கியைத் தவிர வேறு வாசலை மிதித்ததில்லை. வெளியூரிலிருந்து வேறு வங்கிக்காரன் புது வருடத்துக்கு நாட்காட்டி கொண்டுவந்து கொடுத்தால்கூட அதைச் சுவரில் மாட்டமாட்டார். கும்பிட்டு வாங்கி, அவன் தலை மறைந்ததும் என்னிடம் அனுப்பிவிடுவார். என் கடைச் சுவர் முழுக்கத் தொங்குகிற மலைப் படங்கள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

இப்படி ஒட்டிக்கிடக்கிற கம்பெனிக்கு வங்கி தன் ஆள் ஒருவரை அனுப்பி வைப்பது வழக்கம். அப்படி தமாகி கம்பெனிக்கு வந்தவர்தான் அன்சாய் சான். இயக்குநர் என்று ஒரு பதவி, முதலாளி அறைக்கு அடுத்த அறை. மூன்று வருடம் கழித்து ஒன்று வங்கி அவரைத் திருப்பி அழைத்துக்கொள்ளும், இல்லையென்றால் தன் பட்டியலில் பெயரை வெட்டிவிட்டு, ‘இனிமேல் நீங்கள் அவர்கள் ஆள்’ என்று முடித்துவிடும். கம்பெனியில் அவரிடம் எல்லோரும் மரியாதையாகப் பேசுவார்கள். மரியாதை என்றால் அவர் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்துவார்கள் என்று அர்த்தம். தொழிற்சாலைப் பெண்கள் அவருக்கு ‘பாங்க் குடுத்த வீட்டோட மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வங்கிக்குப் போனாலோ அங்கே இருந்த இளவட்டங்கள் விருந்தாளிக்குக் கொடுக்கிற தேநீர்க் கோப்பையை எடுத்து வைத்தார்கள். பழைய ஆளுக்கு அந்தக் கோப்பை கொடுத்தால் என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாதா?

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கோட்டுகள் சொல்லும். எங்கள் பக்கத்து ஆண்கள் கோட்டின் இடது மடிப்பில் கம்பெனிச் சின்னம் குத்திக்கொள்கிறவர்கள். அன்சாய் சானின் இரண்டு கோட்டுகளில் இரண்டிரண்டு ஓட்டைகள் இருந்தன. பழைய, மெல்லிய ஓட்டை வங்கிச் சின்னத்துடையது. அதற்குப் பக்கத்திலேயே கொஞ்சம் தடித்த ஓட்டை, தமாகி கம்பெனியின் கரண்டிச் சின்னம் குத்தியது. மூன்றாவது ஒரு கருநீலக் கோட்டு. அதில் வங்கி ஓட்டை மட்டும்தான். அதை அவர் ஒருநாளும் உடுத்தி நான் பார்த்ததில்லை. ஆனாலும் பருவத்துக்கு ஒருமுறை சலவைக்கு வந்துவிடும்.

“போடாத கோட்டுக்கு எதுக்குங்க சலவை?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“திரும்பிப் போறப்ப போட்டுக்கிறதுக்கு” என்றார். சொன்ன பிறகு காது சிவந்துபோயிற்று.

அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது. அவர் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும். அந்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வங்கிச் சின்னத்தைப் பழைய ஓட்டையிலேயே குத்திக்கொண்டு, கினுயோ சான் கதவைத் திறக்க வீட்டுக்குள் போக வேண்டும். மனுஷருக்கு அதைத் தவிர உலகத்தில் ஒரு ஆசையும் இருந்ததாகத் தெரியவில்லை.

சக்கரவர்த்தி மறைந்து, ஆண்டுக்கணக்குக்கு ஹெய்செய் என்று புதுப்பெயர் வைத்த வருடத்தின் வசந்தத்தில்தான், எல்லாவற்றையும் தொடங்கிவைத்த அந்தக் கார் சவாரி நடந்தது. கார் ஓட்டியவன் தமாகி முதலாளியின் டிரைவர் செகினே. சட்டை வாங்க வருகிறபோது ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தால் மூன்று கோப்பைக்குப் பேசுவான். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

பின்னால் முதலாளியும் வங்கியின் கிளை மேலாளர் நாகுமோ சானும். முன்னால் செகினே பக்கத்தில் அன்சாய் சான். நாகுமோ சானுக்குச் செர்ரிப் பூக்களைக் காட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டில் முதலாளி ஒரு விஷயம் பேசுவதாக ஏற்பாடு. தொழிற்சாலையில் தகட்டை அழுத்திக் கரண்டியாக்கும் இயந்திரங்கள் கிழடுதட்டிப்போயிருந்தன. ஜெர்மனியிலிருந்து புது இயந்திரம் இறக்க வேண்டும், அதற்குக் கடன் வேண்டும். அந்த இயந்திரத்தின் படப் புத்தகத்தை முதலாளி மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாராம், பேரக் குழந்தை மாதிரி.

மலைப்பாதையின் வளைவுகள் நாகுமோ சானின் வயிற்றைப் புரட்டிவிட்டன. வாந்தி வருகிறது என்று சொல்வாரா, வங்கி மேலாளர்! “கொஞ்சம் நிறுத்தி இயற்கைக் காட்சி பாக்கலாமா?” என்றிருக்கிறார். உச்சியில் நிறுத்தினார்கள். முகம் வெளுத்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டிருக்கிறார். சும்மா நின்றால் நன்றாக இருக்காதே என்று ஏதோ ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

“ஆஹா, என்ன இடம்! இங்க ஒரு வெந்நீர்க் குளியல் விடுதி இருந்தா எப்படி இருக்கும்!”

முதலாளிக்கு மலை, காட்சி, வெந்நீர் ஒன்றிலும் பற்று கிடையாது. தன் வீட்டுத் தொட்டியிலேயே ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காராத ஆள். ஆனால் சொன்னது வங்கியாயிற்றே.

“அட, நானும் அதையேதான் ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டார்.

“அப்படிங்களா!” என்றார் நாகுமோ சான்.

“ஆமாங்க!” என்றார் முதலாளி.

இவ்வளவுதான் பேச்சு. “அதுக்கப்புறம் காருல ஏறினதும் பாருங்க அக்கா” என்றான் செகினே. “முதலாளி அந்த இயந்திரப் புஸ்தகத்தைத் திருப்பிப் போட்டு அதுமேல உக்காந்துட்டாரு.”

வங்கி ஒன்றுக்கு ஆசைப்படும்போது நம்முடையதை எடுத்து நீட்டுவது அழகில்லை, முதலில் அவர்களுடையது, பிறகு நம்முடையது என்பது முதலாளியின் கணக்கு. முப்பது வருட வாடிக்கையாளர் முதல்முறையாக மனதைத் திறந்திருக்கிறார், மறுத்தால் அவர் முகம் என்னாவது என்பது நாகுமோ சானின் கணக்கு. அந்தக் காலத்தில் நிலம் என்று சொன்னால் போதும், வங்கிகள் கடனைத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தன. நாகுமோ சானுக்கும் மேலிடத்துக்குக் காட்ட ஒன்று வேண்டியிருந்தது.

இரண்டு பக்கமும் அன்சாய் சானைத்தான் கூப்பிட்டார்கள். அதற்குத்தானே அவர்!

“அன்சாய் சான், பாங்க் ரொம்ப ஆசைப்படுது. நாம தட்டக்கூடாது” என்றார் முதலாளி.

“அன்சாய் சான், உங்க முதலாளி வருஷக்கணக்கா மனசுல வச்சிருந்திருக்காரு பாருங்க. நாம கைவிடக்கூடாது” என்றார் நாகுமோ சான்.

ஊரில் இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே வாரத்தில் கேட்ட ஒரே காது அவருடையது. அவர்தான் வரவுசெலவு எல்லாம் போட்டுப் பார்த்துத் திட்டம் எழுத வேண்டியவர். அப்போதே தலைநகரத்து வங்கி மேலிடத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார், இந்த விஷயம் மட்டும் சுமுகமாக முடிந்தால் மூன்றாம் வருட முடிவில் அங்கே ஒரு நாற்காலி காலியாகிறது என்று. சுமுகமாக என்ற சொல்லை அவர் இரண்டு தடவை அழுத்திச் சொன்னாராம்.

சனிக்கிழமைதோறும் ஊருக்குப் போகிறவர், அந்த வருடக் கோடையில் ஒரு சனிக்கிழமை போகவில்லை. கைக்குட்டைகளை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தவர் போகாமல் நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுக் குளிர்ந்த பார்லித் தேநீர் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“தொயோகோ சான், ஒரு கதைங்க. ரெண்டு பேரு சாப்பாட்டுக் கடைக்குப் போறாங்க. அவருக்கு விலாங்கு மீன் புடிக்கும்னு இவரு நெனைக்கிறாரு. இவருக்குத்தான் புடிக்கும்னு அவரு நெனைக்கிறாரு. ரெண்டு பேரும் விலாங்கு சொல்லிட்டாங்க. ரெண்டு பேருக்குமே விலாங்கு ஆகாதுன்னு கூடப் போன ஆளுக்குத் தெரியும். அவன் என்னங்க செய்யணும்?”

“அந்த ஆளு யாரு காசுல சாப்பிடறான்?”

“ரெண்டு பேரு காசுலயும்.”

“அப்ப எனக்கு வெறும் சோறு போதும்னு சொல்லச் சொல்லுங்க. அதுக்குக்கூட ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்குவாங்க.”

சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த முதல் தடவை. பல் வரிசை நன்றாகத்தான் இருந்தது. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார், கடைக்காரி முன்னால்! தனியாள் என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

முடிவெடுக்கும் கூட்டம் வங்கியின் மாடியில் நடந்தது. அன்று அவர் கோட்டை நான் காலையிலேயே தேய்த்துக் கொடுத்தேன். கரண்டிச் சின்னம் குத்திய கோட்டுதான். ஆனால் உள்பையில் வங்கிச் சின்னத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். தொட்டுப் பார்க்கவா, என்னவோ.

அந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது என்பதை ரொம்ப நாள் கழித்து அவரே சொன்னார். எல்லாம் பேசி முடித்தாயிற்று. நாகுமோ சான் முதலாளியைப் பார்த்தார், முதலாளி நாகுமோ சானைப் பார்த்தார். இரண்டு முகத்திலும் ஒரே களை, பல் பிடுங்கப் போகிறவர்கள் மாதிரி. அப்போது அவருக்குத் தோன்றியிருக்கிறது, ஒரு வாக்கியம் போதும் என்று. ‘உங்கள் இருவரில் யாருக்குமே இது வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் இரண்டு பேரும் ஒரு நிமிடம் வெட்கப்படுவார்கள், பிறகு பிழைத்துக்கொள்வார்கள். அந்த ஒரு நிமிட வெட்கத்தைக் கண்ணால் பார்த்த ஆளை மட்டும் எந்தப் பக்கமும் மன்னிக்காது. நாற்காலி போய்விடும். நீலக் கோட்டு பெட்டியிலேயே கிடக்கும்.

“ஒரு விஷயம் சொல்லலாங்களா?” என்று வாயைத் திறந்தாராம்.

இரண்டு பேரும் ஆவலோடு திரும்பினார்களாம். “அந்த ஆவலைத்தாங்க என்னால மறக்க முடியல” என்றார். “சொல்லிடுப்பா, சொல்லிடுப்பாங்கிற மாதிரி இருந்துச்சு.”

“என்ன சொன்னீங்க?”

“கார் நிறுத்த இடம் போதாதுன்னு சொன்னேன்.”

நல்ல யோசனை என்று இரண்டு பேரும் தலையாட்டினார்கள். வரைபடத்தில் பத்துக் கார் நிற்கும் இடத்தை நாற்பது கார் நிற்கும் இடமாக மாற்றினார்கள். அதற்காக மேலே இன்னொரு துண்டு நிலம் வாங்கினார்கள். கடனும் அதற்குத் தக்கபடி பெருத்தது.

பூமி பூஜைக்கு நானும் போயிருந்தேன். பூசாரி வெள்ளை அங்கியில் மந்திரம் சொல்லி முடித்ததும் மணல் குவியலில் முதல் மண்வெட்டி போட வேண்டும்.

“நீங்க மொதல்ல போடுங்க” என்றார் முதலாளி.

“ஐயய்யோ, இது உங்க கனவு, நீங்க போடுங்க” என்றார் நாகுமோ சான்.

“பாங்கு இல்லாம ஏதுங்க கனவு!”

மண்வெட்டி இரண்டு கைக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது. கடைசியில் பூசாரி பலமாக இருமினார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குத்த, மணல் அன்சாய் சான் கால்சட்டையில் தெறித்தது. அதைத் துவைத்தது நான்தான்.

பிறகு வெந்நீர் ஊற்றுக்காக மலையில் துளை போட்டார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தோண்டிக்கொண்டே போனார்கள். தண்ணீரும் எங்கள் ஊர்த் தண்ணீர்தானே, யார் மனதையும் புண்படுத்த விரும்பாமல் வெதுவெதுப்பாக வந்தது. கொதிகலன் வைத்துச் சூடாக்க வேண்டியதாயிற்று.

கட்டி முடிப்பதற்குள் காலம் திரும்பிவிட்டது. நிலத்தின் விலை இறங்கியது. தோக்கியோவிலிருந்து வார இறுதிகளில் வந்து குவிவார்கள் என்று திட்டத்தில் எழுதியிருந்த கூட்டம் தன் கடனை அடைக்க வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டது. நாகுமோ சான் வழக்கம்போல வேறு கிளைக்கு மாற்றலாகி, ரயிலடியில் எல்லோருக்கும் குனிந்து வணங்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஜெர்மன் இயந்திரம் வரவேயில்லை. கிழட்டு இயந்திரம் ஒன்று ஒரேயடியாகப் படுத்துவிட, முள்கரண்டி வேலை பாதி வேறு ஊருக்குப் போனது.

விடுதி திறக்கும் நாள் நெருங்கியபோது அன்சாய் சானின் மூன்று வருடமும் முடிய இருந்தது. அந்த மாதம் நீலக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். “நல்லா அழுத்தித் தேய்ங்க” என்றார். கைக்குட்டை ஒன்றும் கொண்டுவரவில்லை. பரவாயில்லை, வாடிக்கை போனாலும் மனுஷர் வீடு போய்ச் சேரட்டும் என்று நானும் பொத்தானெல்லாம் இறுக்கித் தைத்து வைத்தேன்.

விடுதியை நடத்த ஆள் வேண்டுமே.

முதலாளி நினைத்தார், வங்கியின் கடன் இவ்வளவு மாட்டியிருக்கிறது, வங்கியின் ஆளே மேலே உட்கார்ந்திருந்தால்தான் அவர்களுக்கு நிம்மதி என்று. புதிதாக வந்த கிளை மேலாளர் நினைத்தார், முதலாளிக்கு இவர் மேல் அவ்வளவு பிரியம், இந்த நேரத்தில் பிடுங்கினால் கோபித்துக்கொள்வார் என்று. “அன்சாய் சான் இருந்தா உங்களுக்கு நல்லதுதானே?” என்று அவர் கேட்க, “உங்களுக்கு நல்லதுன்னா எங்களுக்கும் நல்லதுதான்” என்று இவர் சொல்ல, விடுதியின் மேலாளர் அன்சாய் சான் என்று முடிவாகிவிட்டது. மேலிடத்து நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். வங்கி அவர் பெயரை நல்ல மரியாதையோடு வெட்டியது.

“உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?” என்றேன், கோட்டை வாங்க வந்தபோது.

“கேட்டாங்க. சந்தோஷம்னு சொன்னேன்.”

“எதுக்கு அப்படிச் சொன்னீங்க?”

“ரெண்டு பேரும் அவ்வளவு ஆசையா இருந்தாங்களே” என்றார். அப்புறம் தன் வார்த்தை தன் காதிலேயே விழுந்தவர்போல, கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டார்.

விடுதியின் படுக்கை விரிப்பு, குளியலங்கி எல்லாம் என் கடைக்குத்தான் வருகின்றன. புதன்கிழமைதோறும் வண்டியெடுத்துக்கொண்டு மலையேறுவேன். முதல் வருடம் மூட்டைகள் கனத்தன. இப்போது ஒரு கையால் தூக்கிவிடலாம். செகினே இப்போது விடுதியின் பேருந்தை ஓட்டுகிறான், ரயிலடிக்கும் மலைக்கும் நடுவே, வானொலிக்குத் துணையாக. நான் போகும் நேரத்தில் பெரும்பாலும் வரவேற்பறையில் அன்சாய் சான் மட்டும் இருப்பார். நீலக் கோட்டுதான் உடுத்தியிருப்பார். வேறெதற்கு வைத்திருக்க? இடது மடிப்பில் விடுதியின் சின்னம், ஆவி பறக்கிற ஒரு தொட்டி. அந்த முள் ரொம்பத் தடிமன். பழைய மெல்லிய ஓட்டை அதனடியில் எங்கேயோ போய்விட்டது.

போன புதன்கிழமை மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

“வீட்டுல கினுயோ சான் எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்கா. மகன் வேலைக்குப் போயிட்டான், என் அம்மாவும் போய்ச் சேந்துட்டாங்க. தனியாத்தான் இருக்கா.”

“அப்ப இங்க வந்துடலாமே? இல்ல, நீங்க இதை விட்டுட்டு அங்க போயிடலாமே?”

கண்ணாடியைக் கழற்றினார். “வரச் சொல்லலாம்தான். அவளுக்கு அங்க பழக்கமான தெரு, பழக்கமான கடை. நான் கூப்பிட்டா மனசில்லாமலே வந்துடுவா. நான் போனாலும் அவளுக்குத் தொந்தரவு, இத்தனை வருஷம் அவ பாட்டுக்கு இருந்து பழகிட்டா.”

“அவங்க அப்படிச் சொன்னாங்களா?”

“எப்படிச் சொல்லுவா? நான் வருத்தப்படுவேன்னு சொல்லமாட்டா. ஃபோன்ல, ‘உங்களுக்கு அந்த மலை புடிச்சிப்போச்சு, இல்லையா?’ன்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆமான்னேன்.”

மூட்டையைக் கீழே போட்டுவிட்டேன். இந்த ஊரில் நாற்பது வருடமாக அடுத்தவர் அழுக்கைத் துவைக்கிறேன், எனக்கே தாங்கவில்லை.

“அன்சாய் சான், இது அதே விலாங்குங்க! அவங்களும் சாப்பிடல, நீங்களும் சாப்பிடல. அந்த ஃபோனை எடுத்து, எனக்கு வீட்டுக்கு வரணும்னு ஒரு தடவை வாயைத் தொறந்து சொல்லுங்க. நான் வேணா வெளிய போய் நிக்கிறேன்.”

உண்மையிலேயே வெளியே போய் நின்றிருப்பேன். கதவுக்குப் பக்கத்தில்தான், ஆனாலும் வெளியேதான்.

அவர் தொலைபேசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. வங்கி மாடியில் அன்று எப்படித் திறந்திருக்கும் என்று அப்போதுதான் கண்ணால் கண்டேன். நானும் அந்த இரண்டு பேரைப்போலவே ஆவலோடு நின்றேன்.

“தொயோகோ சான்” என்றார். “அடுத்த வாரம் பனி பெய்யும்னு சொல்றாங்க. வண்டிக்குப் பனியில வழுக்காத டயர் மாட்டிடுங்க.”

மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் வைத்தார். நாற்பது கார் நிற்கும் இடத்தில் என் வண்டி மட்டும், நடு மையத்தில். எப்படி ஓட்டினாலும் எதிலும் இடிக்க வழியில்லை. ஆனாலும் அவர் பின்பக்கம் போய் நின்று இரண்டு கையையும் உயர்த்தி, “ரைட்டு, ரைட்டு… வரலாம், வரலாம்… இன்னும் வரலாம்” என்று குரல் கொடுத்து எனக்கு வண்டியைத் திருப்பிவிட்டார்.

முதல் வளைவு வரை வண்டிக் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த வெற்றிடத்தின் வாயிலில், நீலக் கோட்டில், இடுப்பு வரை குனிந்து நின்றார். விடுதிக்கு வந்தவர் கண்ணுக்கு மறையும்வரை நிமிரக்கூடாது என்பது வழக்கம். நான் மறைந்துவிட்டேனா இல்லையா என்று குனிந்திருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு நேரம் அப்படியே நின்றாரோ.